அவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள்

என் அப்பாவுக்கு,

நாளைக் காலை ஆஸ்டினில் சட்டமன்றக் குழுவின் முன் நான் பேச வேண்டும். பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

வெளிநாட்டில், இர்விங் என்ற ஊரில் வீட்டு வேலை என்று என்னை விமானம் ஏற்றிவிட்டாயே, வந்த அன்றே அந்த வீட்டுக்கார அக்கா என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டாள். மூன்று வருஷம் தனியாக வாசல் தாண்டவில்லை. நீ போன செய்தியைக்கூட உன் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள்.

ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப் போலீஸ் வந்தது. தமிழ் தெரிந்த ஒருவரைப் போனில் பிடித்து, நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்டார்கள். அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். “எனக்கு ஒரு கொறையும் இல்ல சார்” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாம் கொத்தடிமையாகக் கிடந்த அரிசி ஆலைக்கு ஆர்.டி.ஓ. விசாரிக்க வந்த அன்று, முதலாளி பின்னால் நிற்க, நீயும் கைகட்டி இதையேதான் சொன்னாய். அதனால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே நெல் அவித்தோம். அதற்காக உன்மேல் எத்தனை நாள் கோபமாக இருந்தேன், தெரியுமா?

குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கா என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போவாள். அங்கே பழகிய லதா ஆன்ட்டிதான் என்னை வெளியே கொண்டுவந்தார். இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறேன். எங்களைப் போன்றவர்களை விசாரிக்கும்போது முதலாளி பக்கத்தில் இருக்கக் கூடாது என்று ஒரு மசோதா வந்திருக்கிறது. அதற்குத்தான் நாளை சாட்சி சொல்கிறேன்.

இன்று மாலை ஆன்ட்டி தயங்கித் தயங்கிச் சொன்னார். “அவங்களும் பேச ரிஜிஸ்டர் பண்ணியிருக்காங்கம்மா. ஹியரிங்னா யார் வேணா வந்து உக்காரலாம். உனக்குப் பின்னாடிதான் இருப்பாங்க.”

போன வாரம் எங்கோ அக்காவின் குரல் போலக் கேட்டதற்கே, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன். நாளை அங்கேயும் கால் தானாக எழுந்துவிட்டால்? வாய் அந்தப் பழைய பேச்சையே பேசிவிட்டால்?

இரண்டாம் முறை ஆர்.டி.ஓ. வந்தபோது உனக்கு மட்டும் எப்படித் தைரியம் வந்தது? “அவர வெளிய போகச் சொல்லுங்க சார், அப்பறம் சொல்றேன்” என்றாய். உன் கால் நடுங்கியதை நான் பார்த்தேன். விடுதலைச் சான்றிதழோடுதான் ஆர்.டி.ஓ. ஜீப்பில் ஏறி அங்கிருந்து கிளம்பினோம்.

இங்கே அவளை வெளியே அனுப்ப முடியாதாம். அவள் இருக்கும்போதே சொல்கிறேன், அப்பா. நடுங்கிக்கொண்டே சொல்கிறேன். எழுந்து நின்றுவிட்டால், நின்றபடியே சொல்கிறேன்.

உன்னோடு அந்த ஜீப்பில் ஏறிய மகள்,
செல்வி