திருடன் கட்சியும் காவல் கட்சியும்

அத்தைக்கு மருமகள் பேச்சியம்மாளின் வணக்கம். முட்டுவலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் பெருக்கித் துடைக்கும் புனே ஆபீஸில் நேற்று ஒரு கூத்து. நம் பாபநாசம் அணை போல கரண்ட் எடுக்கும் இடங்களின் கம்ப்யூட்டருக்குள் திருடன் புகுந்தால் எப்படித் தடுப்பது என்று பார்க்க, திருடன் கட்சி, காவல் கட்சியாகப் பிரிந்து விளையாடினார்கள். எதிராளி என்ன நினைப்பான் என்று யோசித்தே காய் நகர்த்த வேண்டுமாம்.

"எக்கா, திருடன் கட்சிக்கு வாங்க. ஒங்க மொகத்தப் பாத்தா யாரும் சந்தேகப்பட மாட்டாவ" என்றாள் அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை ஜெர்லின். சிரித்துவிட்டேன்.

உங்கள் மகன் இறந்ததிலிருந்து போனில் நாமும் இதைத்தான் விளையாடுகிறோம், அத்தை. நான் அழுதுவிடுவேன் என்று நீங்களும், நீங்கள் அழுதுவிடுவீர்கள் என்று நானும் அவர் பேச்சையே எடுப்பதில்லை.

அவர் போர்வையைத் துவைக்காமல் அனுப்புங்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். நீங்களே முதலில் அழுதுவிடுங்கள்.