வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் பேசாத மொழி

பிப்ரவரி 6

ஒசனாய் தகேஜி இன்றும் வாய் திறக்கவில்லை. பக்கவாதம் கை கால்களை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் கொண்டுபோயிருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்கான ஆப்பிள் பட அட்டையைக் காட்டி "இது என்ன?" என்றேன். காலமெல்லாம் ஆப்பிள் வளர்த்தவரிடம்! அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் நோயாளி. பக்கத்தில் மனைவி செட்சு, செய்தி வாசிப்பவர் மாதிரி, "தயவுசெய்து முயற்சி செய்யுங்கள்" என்கிறார். தகேஜி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 7

"முன்னேற்றம் இல்லேன்னா மாசக் கடைசியில பேச்சுப் பயிற்சிய நிறுத்திடலாம்" என்றார் தலைமை மருத்துவர். நிறுத்தினால் மனிதர் ஊமையாகவே வீட்டுக்குப் போவார். அவ்வளவுதானா?

பிப்ரவரி 12

நடைக்கூடத்தில் யாரோ கைபேசியில் தங்கையை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்து அசல் சுகரு வட்டாரப் பேச்சு.

"அடி போடி இவளே. கூரையில பனி குமிஞ்சு கெடக்கு, அள்ளிப்போட ஆளு எங்க? இந்த மனுசன் ஒரு வார்த்த திட்டுனாலே போதும், பாதி வேலை ஓடிரும்."

திரும்பினால் செட்சு! என்னைக் கண்டதும், "மன்னிக்கவும், உரக்கப் பேசிவிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான், வெள்ளைக் கோட்டைக் கண்டால் டோக்கியோ பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். ஆனால் கண் விழித்த நாளிலிருந்து அந்த மனிதர் தன் மனைவியின் வாயிலிருந்தே வேற்று ஆளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியூரிலிருந்து வந்து ஒன்பது வருடமாக இந்த ஹிரோசாகியில் இருக்கிறேன் — எனக்கு ஏன் உறைக்கவில்லை?

பிப்ரவரி 13

அவரோடு வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள் என்றேன் செட்சுவிடம்.

"ஐயோ டீச்சரம்மா, மெகுசெ!"

வெட்கம், கூச்சம், மானக்கேடு, மூன்றும் ஒரே சொல்லில். "ஆஸ்பத்திரியில போயி அந்தப் பேச்சா? நாலு பேரு சிரிப்பாங்க."

முதலில் நான் பேசுகிறேன், என்னைப் பார்த்துச் சிரியுங்கள் என்றேன். சொல்லிக்கொடுக்கச் சம்மதித்தார்.

பிப்ரவரி 18

சாப்பாட்டுக்கூடத்தில் பாடம்.

அஸுமஷீ. குளித்துவிட்டு வந்து, அடுப்பருகே காலை நீட்டி, யாரும் எதற்கும் கூப்பிடாமல் கிடக்கும் சுகம். ஒன்பது குளிர்காலம் அப்படிக் கிடந்திருக்கிறேன், அதற்கு ஒரு பெயர் இருப்பது தெரியாமல்.

நிகரு. இது வலி. ஆனால் வயிற்றை உள்ளே மந்தமாகப் பிசையும் வலிக்கு மட்டும். தலைக்கும் பல்லுக்கும் இது ஆகாது. வலியைக்கூட இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வைத்திருக்கிறார்களே! பிரமிப்பாக இருக்கிறது.

நான் சொல்லிப் பார்த்ததும் செட்சு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நீங்க சொன்னா, டிவிப் பெட்டிக்கு வயிறு வலிக்கிற மாதிரி இருக்கு."

பிப்ரவரி 20

சில நாட்களாகத் தகேஜி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். பிடிவாதம் என்று செவிலியர்கள் நினைத்தார்கள். நானும்தான். வலி இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டோம்! எதுவும் உள்ளே போய்ச் சேரவில்லை.

இன்று கேட்டேன். "ஹரா நிகரு?" வயிறு பிசைகிறதா?

யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் போலத் திரும்பினார். கையை வயிற்றில் வைத்தார். தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது — அவருக்கும், எனக்கும்.

வயிற்றைக் கெடுத்த மருந்தை மாற்றினார்கள். சாயங்காலம் கஞ்சி குடித்தார். ஒரு சொல் மனிதனுக்குள் இவ்வளவு தூரம் போகுமா?

பிப்ரவரி 25

செட்சுவுக்குக் கூச்சம் போய்விட்டது. "கிளை வெட்டுற வேலை அப்படியே கெடக்கு, நீ இங்க படுத்து அழகு காட்டு" என்று அறை அதிரப் பேசுகிறார். தகேஜி தோள் குலுங்கச் சிரிக்கிறார். பேச்சு மட்டும் வரவில்லை. மாதம் முடியப்போகிறது. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 27

தோட்டத்துப் பனி கரைந்து தாழ்ந்துவிட்டது, பக்கத்துத் தோட்டக்காரர் கிளை வெட்ட ஏணியோடு போய்விட்டார் என்று செட்சு அளந்துகொண்டிருந்தார். தகேஜி கொஞ்ச நேரம் கேட்டார். எழுந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி உடையிலேயே கதவருகில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அபே" என்றார்.

வா, போகலாம். தோட்டத்துக்குக் கிளம்பும்போது இங்கே கணவன்மார் வாசலில் நின்று சொல்வது. நான் பயிற்றுவித்த சொல் அல்ல. என் அட்டைகள் எதிலும் இல்லை.

நான் செட்சுவைப் பார்த்தேன். அவர் சட்டென்று எழுந்தார். மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளவும் மறந்து, கணவர் பின்னாலேயே போய்விட்டார்.