சுவர்ப் பக்கம் கால்மாடு

கார்பன் தாளின் மணம் காலையிலிருந்து என் மேசையை விட்டுப் போகவில்லை. உன் மனைவி செல்வராணி வைத்துவிட்டுப் போன பையிலிருந்து வருகிறது. உரச் சாக்கை வெட்டித் தைத்த பை. அதற்குள் நீ தேயிலைத் தோட்டத்து லயத்தாருக்காக வருஷக்கணக்காக எழுதிய ஆங்கிலக் கடிதங்களின் நகல்கள். கொடுத்த கடிதங்கள் போன இடத்தில் என்ன ஆயினவோ, நகல்களை மட்டும் ஒன்று விடாமல் கட்டி வைத்திருக்கிறாய். இந்த மழை ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்தால் விரலில் நீலம் வருகிறது.

குடையை வாசலில் சாய்த்த செல்வராணி உட்காரக்கூட இல்லை. "அண்ணே, செவுரு இன்னும் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது. நேத்துல இருந்து கல்லு இடுக்குல செவப்பாத் தண்ணி வருது. இன்னொரு கடுதாசி எழுதிக் குடுங்கண்ணே. அவரு எழுதுனதப் பாத்து எழுதுங்க" என்றாள். உனக்குத் தெரியாததா? ஒரே வரிசையாக எட்டு வீட்டு லயம், அதன் முதுகில் மலைச்சரிவு, சரிவைத் தாங்கி ஒரு பழைய கல் சுவர். நீ இருந்தபோதே அது பிதுங்கத் தொடங்கிவிட்டது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. சுவர் இன்னும் அப்படியே நிற்கிறது. உன் மனைவியும் மகளும் இன்னும் அதன் அடியில்தான் இருக்கிறார்கள்.

நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆங்கிலம் படித்தோம். சாதாரண தரப் பரீட்சையில் நான் ஆங்கிலத்தில் தேறினேன், நீ தேறவில்லை. நான் ஆங்கில ஆசிரியன் ஆனேன். நீ தோட்டத் துரையின் பங்களாக் குசினியில் ஆறு வருஷம் கோழி உரித்துவிட்டு, பிறகு தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு வேலைக்குப் போனாய். ஆனால் நோர்வூட்டில் பஸ் ஏறும் வெளிநாட்டுப் பயணி ஏதாவது வழி கேட்டால், பட்டம் வாங்கிய நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். மனதுக்குள் வாக்கியத்தை நான் சரிபார்த்து முடிப்பதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிடும். நீயோ பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மை வைஃப் அல்சோ ப்ளக்கிங், மை மதர் அல்சோ ப்ளக்கிங்" என்று ஹட்டன் வரைக்கும் பேசிக்கொண்டே வருவாய். இறங்கும்போது அவர் உன் கையைப் பிடித்துக் குலுக்குவார். எனக்கு வயிறு எரியும். இப்போது சொல்வதற்கென்ன வெட்கம்.

அந்த எரிச்சலைத் திருத்துவதில் காட்டினேன். "டிஸ்கஸ் எபவுட்" என்பாய், "ரிட்டர்ன் பேக்" என்பாய். "ஐ ஆம் ஹேவிங் ஒன் டோட்டர்" என்பாய், அன்றைக்கு மட்டும் யாரோ மகளை இரவல் கொடுத்த மாதிரி. நான் திருத்தத் திருத்த நீ தேத்தண்ணியை ஊதிக்கொண்டு சிரிப்பாய்.

"நான் மட்டுமா மாஸ்டரு? இந்த மலையில எல்லாரும் அப்பிடித்தானே பேசுறாங்க."

"எல்லாரும் பேசுனா சரியாகிருமா?"

"காலையில வேலைக்கு ஆள் எண்ணுறத வெள்ளக்காரன் பரேட்டுன்னு சொன்னான், அத நம்மாளுங்க பெரட்டுன்னாங்க. அப்ப எவனாச்சும் செவப்புப் பேனையோட வந்து நின்னானா? இப்ப காலையில தொரையே 'பெரட்டுக்கு ஆள் வந்துருச்சா'ன்னுதான் கேக்குறாரு."

இலக்கணம் வேறு, அது வேறு என்று ஏதோ சொல்லி மழுப்பினேன்.

உன் வாயில் அடிக்கடி வரும் இன்னொன்று "வாட் டு டூ". பஸ் தவறினாலும் அதுதான், கொழுந்து விலை இறங்கினாலும் அதுதான். அது பாதி வாக்கியம், முடித்துச் சொல் என்று ஒருநாள் கண்டித்தேன். "முடிச்சுச் சொன்னா மட்டும் செய்யறதுக்கு ஏதாச்சும் கெடைச்சிருமா மாஸ்டரு?" என்று கேட்டாய். அன்றைக்கு அதை ஒரு பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் சுவரைப் பற்றிய அந்தக் கடிதம் வந்தது. தோட்ட அலுவலகத்துக்குப் போகும் மனு ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. தமிழில் கொடுத்தால் கிளாக்கர் மேசைக்குள் வைப்பார், ஆங்கிலத்தில் கொடுத்தால் மேசைமேல் வைப்பார் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. அதற்காகவே எல்லோரும் உன்னிடம் வருவார்கள். நம் மனுக்களுக்கென்று ஒரு நடையும் உண்டு. முதலில் துரையின் சுகம், பிறகு அவர் குடும்பத்தின் சுகம், அவருடைய நல்ல மனசு, அப்புறம் நம் தாத்தாக்கள் இந்தத் தோட்டத்துக்கு உழைத்த கதை. சங்கதி கடைசி இரண்டு வரியில்தான் தலையை நீட்டும்.

"கொஞ்சம் பாத்துத் திருத்திக் குடு மாஸ்டரு. பெரிய மழைக்கு முந்திக் குடுத்துறணும்" என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையில் கொடுத்தாய்.

நான் செய்ததை உனக்கு முழுதாக ஒருபோதும் சொல்லவில்லை. உன் மகள் சொல்லியிருப்பாள், ஆனால் என் வாயால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மறுநாள் தரம் பத்துக்கு ஆங்கிலத்தில் வழக்கமாக வரும் பிழைகள் என்ற பாடம். உதாரணம் தேடிக்கொண்டிருந்த எனக்கு உன் கடிதம் கிடைத்தது. பெயரை மறைத்துவிட்டு முழுவதையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பிழை பிடித்தார்கள். இருபத்தேழு வரை எண்ணினோம்.

கடைசி வரியில் நீ எழுதியிருந்தாய்: "சில்ரன் ஆர் ஸ்லீப்பிங் லெக் சைட் டு வால்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தலைமாடு, கால்மாடு என்று தமிழில் நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினால் இப்படித்தான் வரும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். பிள்ளைகள் ஏன் சுவர்ப் பக்கம் தலை வைக்காமல் கால் வைத்துப் படுக்கிறார்கள் என்று முப்பது பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். எப்போதும் முதல் ஆளாகக் கையை உயர்த்தும் உன் மகள் தர்ஷினி அன்று மூன்றாவது வரிசை வாங்கில் தலையைக் குனிந்தபடி இருந்தாள். காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் நீ வந்தாய். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாய்.

"எத்தன மார்க்கு மாஸ்டரு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். "புள்ள சோறு திங்க மாட்டேங்குது" என்று மெதுவாகச் சொன்னாய். மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. உள்ளே வரச்சொல்லி, அப்போதே உட்கார்ந்து உன் கடிதத்தைப் புதிதாக எழுதினேன். சங்கதியை மேலே கொண்டுவந்தேன், சுக விசாரிப்புகளை வெட்டினேன். அதுதான் என் பரிகாரம் என்று நினைத்தேன். நீ வாங்கி நிதானமாகப் படித்தாய்.

"நல்லாருக்கு. ஆனா புள்ளைங்க படுக்கிறதக் காணோமே?"

"அதெல்லாம் தொரைக்கு எழுதுற விஷயமில்ல. 'ரெசிடன்ட்ஸ் ஆர் கன்சேர்ண்ட்'னு போட்டிருக்கேன் பாரு. அதுலயே எல்லாம் அடங்கும்."

"சரி. நீ படிச்சவன்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய்.

புதன்கிழமை துரை குறை கேட்கும் நாள். தோட்டத்து ஆட்கள் அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். என்னைக் கண்டதும் கிளாக்கர், "மாஸ்டர் உள்ள வாங்க" என்று நாற்காலி போட்டார். நீ தூறலில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றாய். துரை கடிதத்தை ஒருமுறை படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். "வெரி குட் இங்கிலீஷ்" என்றார். என் காலேஜ் எது என்று விசாரித்தார். அந்த இரண்டு வார்த்தைக்கு என் கால் தரையில் பாவவில்லை. கடிதம் ஒரு கோப்புக்குள் போயிற்று. எழுந்து கைகூப்பிவிட்டு வெளியே வந்தேன்.

"என்ன சொன்னாரு?"

"இங்கிலீஷ் நல்லாருக்குன்னாரு."

"செவுரப் பத்தி?"

கேட்கவே மறந்துபோயிருந்தேன். அதைக்கூட உன்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை, பார்க்கிறேன் என்றார் என்று பொய் சொன்னேன். நீ தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, "வாட் டு டூ" என்றாய். அன்று நான் திருத்தவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஸ்டோரில் வேலையாக இருந்தபோது உனக்கு நெஞ்சு வலித்தது. லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுவருக்குப் பயந்த வீட்டில் சாவு வேறு வழியாக வந்து ஆளைக் கொண்டுபோயிற்று.

அதன் பிறகு எத்தனையோ கடிதம் எழுதிவிட்டேன். ஒரு பிழை கிடையாது. இந்த அலுவலகத்துக்குப் போனால் அந்த அலுவலகத்துக்கு உரியது என்று பதில் வரும், அங்கே போனால் திரும்பவும் இங்கே. பழைய துரை மாறி இப்போது ஒரு சின்ன வயதுப் பிள்ளை வந்திருக்கிறார். கடிதமெல்லாம் வேண்டாம், ஃபோனில் அனுப்புங்கள் என்றார். சுவரைப் படம் எடுத்து, கீழே ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "நோட்டட்" என்று ஒரு சொல், பிறகு தேங்க்ஸ் என்பதை மூன்றே எழுத்தாகச் சுருக்கி ஒரு சொல், பக்கத்தில் ஒரு கட்டைவிரல். எழுவாய் இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. என் வகுப்பில் எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாவற்றையும் உதறிவிட்டு எழுதுகிறார்கள், யாரும் அவர்களைக் கரும்பலகையில் எழுதிப்போடுவதில்லை. மொழி மாறத்தான் செய்கிறது, நீ சொன்னது சரிதான். சுவருக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை.

தர்ஷினி ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். என்னைக் கண்டால் "வாங்க சேர்" என்று மரியாதையாகக் கூப்பிட்டு உட்காரச் சொல்வாள். வெளிநாட்டுக்காரர் யாராவது கடைக்கு வந்தால் மட்டும் மற்றப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுகிறாள். ஒருமுறை என் கண்ணாலேயே பார்த்தேன். உன் மகள் என்னைப் போல ஆகிவிட்டாள். அதைச் செய்தவன் நான்.

இன்று காலை செல்வராணியிடம், மழை விடும்வரை நீயும் பிள்ளையும் என் குவாட்டர்ஸில் வந்து இருங்கள் என்றேன். அவள் உண்மையாகவே யோசித்துவிட்டுக் கேட்டாள்: "எட்டு வீட்டையும் கூட்டிட்டு வரலாமாண்ணே? எடமிருக்கா?" இரண்டு அறை வீட்டின் நடுவில் நின்றுகொண்டு நான் கூரையைப் பார்த்தேன். "சரிண்ணே, கடுதாசிய எழுதுங்க" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

பையில் தேடினேன். உன் பழைய கடிதத்தின் நகல் கிடைத்தது, நான் கைவைப்பதற்கு முந்தியது. அதைத்தான் வரிக்கு வரி பார்த்து எழுதினேன். துரையின் சுகம், குடும்பத்தின் சுகம், நம் தாத்தாக்களின் உழைப்பு, எல்லாம் நீ எழுதியபடியே. கடைசியில் பிள்ளைகள் கால்மாடு வைத்துப் படுப்பதையும் உன் வார்த்தைகளிலேயே எழுதினேன். பேனை பழக்கத்தில் ஒருமுறை நின்றது. பிடிவாதமாக எழுதி முடித்தேன்.

மத்தியானம் மழையோடு மழையாக அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். கிளாக்கர் வழக்கம்போல நாற்காலியை இழுத்தார். வேண்டாம் என்று சொல்லி ஜன்னலுக்கு வெளியே, நீ நின்ற இடத்தில் நின்று கொடுத்தேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இது நீங்க எழுதுனதா சேர்?" என்றார். ஆமாம் என்றேன். "தொரை கொழும்புக்குப் போயிருக்காரு. வந்ததும் குடுக்கிறேன்" என்று ஒரு பாரக்கல்லுக்கு அடியில் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. உன் வார்த்தைக்கும் என் வார்த்தைக்கும் ஒரே மேசைதான்.

இதை எழுதும்போதும் மழை விடவில்லை. இதைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அந்தப் பாதி வாக்கியத்தை நானே ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் குவாட்டர்ஸ் சமதரையில் இருக்கிறது. பின்னால் மேடு இல்லை, மண் இல்லை, விளையாட்டு மைதானம்தான். இருந்தாலும் நீ போனதிலிருந்து, மழை பிடித்துக்கொண்டால் நான் தலையணையை எடுத்துக் கட்டிலின் மறுபக்கம் போட்டு, சுவர்ப் பக்கம் கால் நீட்டித்தான் படுக்கிறேன்.