பிஜிக்குப் போன பிள்ளையும் ஒரு 'காணவில்லை' படமும்

இஞ்சாரும் வசந்தி,

நீர் இருக்கேக்கை உம்மை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாத்துக்கும் 'இஞ்சாரும்' தான். இப்ப ரெண்டையும் சேர்த்து எழுதுறன், கோவிக்காதேயும். ஆறுதலா இருந்து கேளும். நான் ஒரு மொக்கு வேலை பாத்துப்போட்டன்.

எங்கடை அனு பிஜித் தீவிலை நிக்கிறாள். பதறாதேயும், உமக்கும் சேர்த்து நான்தான் பதறிக்கொண்டு திரியிறன். நீர் கண்ணை மூடி ஏழாம் மாதம், ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டிட்டு, முதுகிலை ஒரு பையோடை வெளிக்கிட்டவள். ரிக்கற் எடுத்த பிறகு கையிலை பெரிசா ஒண்டும் மிஞ்சேல்லை. "எங்கையடி தங்கப் போறாய்?" எண்டு கேட்டன். "போய்ப் பாப்பம், ஃபார்" எண்டு அப்பாவை 'ஃபார்' ஆக்கி டெனிசிலை சொன்னாள். போய்ப் பாப்பமாம்! இஞ்சை பக்கத்திலை விபோர்க் ஸ்ரேசனுக்குப் போறமாதிரி.

ஃபக்டரியிலை என்னோடை வேலை செய்யிற லார்ஸ், "ஆகா, நல்ல விசயம், என்ரை மகனும் இப்பிடித்தான் உலகம் சுத்தினவன்" எண்டு முதுகிலை தட்டுறான். டெனிஸ்காரருக்குப் பிள்ளையள் வெறுங்கையோடை சுத்தினால் பெருமை. நானும் நீரும் சண்டைக்குத் தப்பி வெறுங்கையோடை டென்மார்க்குக்கு வந்து படுத்தது அகதி முகாமிலை எல்லோ. அதையே ஒருத்தி ஆசைப்பட்டுச் செய்யிறாள் எண்டா எனக்கு எப்பிடி விளங்கும், சொல்லும் பாப்பம்?

ஆனால் ஒண்டு சொல்லவேணும், பிள்ளை கெட்டிக்காரி. படகிலை சேரா எண்டொரு ரீச்சரைப் பிடிச்சு, அவவோடையே ஒரு சின்னத் தீவுக்குப் போயிட்டாள். அங்கை ஊருக்குள்ளை கால் வைக்க முதல், யங்கோனா எண்டு ஒரு வேர்க்கட்டை ஊர்ப் பெரியவருக்கு முன்னாலை வைக்கவேணுமாம். அவர் அதைத் தொட்டு எடுத்தால், போகுமட்டும் நீ அவையின்ரை பிள்ளை. சந்தையிலை வாங்கின அந்த ஒரு கட்டு வேர்தான் அவளின்ரை வாடகை, சாப்பாடு எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிய, பள்ளிக்கூடத்து மேட்டிலை ஏறி நிண்டு எனக்குப் போன் எடுப்பாள். அங்கை மட்டும்தான் சிக்னல் இருக்காம். தேங்காய்ப்பாலிலை அவிச்ச மீன், மரவள்ளிக் கிழங்கு, பாயிலை படுக்கை. காலமை பெண்டுகளோடை பாய் பின்னுறது, பின்னேரம் பிள்ளையளுக்கு வாசிப்புச் சொல்லிக் குடுக்கிறது, பிறகு இருட்டுமட்டும் கடலுக்கை கிடக்கிறது. "அடுத்த தீவிலை ஹொட்டேல்காரர் காசை அள்ளி வாங்கிக் காட்டுற கடலை, எனக்குச் சும்மா விட்டிருக்கினம் அப்பா" எண்டு சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரேல்லை. சுறா இருக்கோ, பாம்பு இருக்கோ, காய்ச்சல் வந்தால் ஆர் பாப்பினம் எண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தன். நீர் இருந்திருந்தால், "என்ன மீன் அது?" எண்டு கேட்டிருப்பீர், என்ன?

போன மாதம் ஒரு ஞாயிறு அவள் எடுக்கேல்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கேல்லை. நான் எடுத்தால் ரிங் போகேல்லை. புதன்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். பிறகு, எங்கடை குடும்ப வாட்ஸ்அப்பிலை அவளின்ரை படத்தைப் போட்டு, "அனு ரெண்டு கிழமையா எடுக்கேல்லை, பிஜிப் பக்கம் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" எண்டு ஒரு வரி எழுதினன். சத்தியமா அவ்வளவுதான்.

எங்கடை சனத்தைத் தெரியும்தானே உமக்கு. ரொறொன்ரோவிலை இருந்து லண்டன், லண்டனிலை இருந்து சிட்னி. பின்னேரம் உம்மடை அக்கா எனக்கே திருப்பி அனுப்பினா. எங்கடை பிள்ளையின்ரை முகம். மேலை சிவப்பு எழுத்திலை 'காணவில்லை'. கீழை 'தயவுசெய்து பகிரவும்'.

வசந்தி, நான் போட்ட படம்தான் எண்டு தெரியும். எண்டாலும் அந்தச் சொல்லுக்குக் கீழை அவளைப் பாத்ததும், இவைக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, என்னட்டை மறைக்கினம் எண்டு நினைச்சன். சண்டைக்குள்ளை காணாமல்போய் எங்கை எண்டே தெரியாத உம்மடை தம்பியின்ரை படத்தையும் இப்பிடித்தானே எழுதி, ஊர் ஊரா, கந்தோர் கந்தோரா கொண்டு திரிஞ்சனீங்கள்? நீர் கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போகேக்கையும் அந்தப் படம் உம்மடை கைப்பைக்குள்ளை இருந்தது. அதுக்குப் பக்கத்திலை எங்கடை பிள்ளையோ? குசினி நிலத்திலை இருந்து குழறி அழுதன். கேக்க ஒருத்தரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலமை ஃபக்டரி வாசலிலை காரை நிப்பாட்டேக்கை போனிலை ஒரு நீட்டு வெளிநாட்டு நம்பர் வந்தது. எடுக்கக் கை வரேல்லை. கடைசி மணியிலை எடுத்தன்.

"ஃபார், என்ன செய்தனீங்கள்?"

உயிரோடை இருக்கிறாள்! வேற ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை. அவள் டெனிசிலை பொரிஞ்சு தள்ளுறாள். மின்னல் அடிச்சு ரெலிபோன் கோபுரம் பழுதாம், அவ்வளவுதானாம். எங்கடை படம் சிட்னியாலை சுத்தி பிஜிப் பொலிசுக்குப் போய், ரெண்டு பொலிஸ்காரர் படகிலை வந்து இறங்கி, அவள் தங்கியிருக்கிற சேராவின்ரை வீடு முழுக்கத் தேடிப் பாத்திருக்கினம். தன்ரை பொறுப்பிலை இருந்த பிள்ளையைக் காணேல்லை எண்டு பொலிசு வந்திட்டுதே எண்டு அந்த ஊர்ப் பெரியவர் வெக்கப்பட்டு, அவளிட்டை வந்து மன்னிப்புக் கேட்டவராம். கேளும் இந்த அநியாயத்தை! சோறு போட்ட மனுசன் மன்னிப்புக் கேக்கிறார்.

அவள் உடனை இன்னொரு வேர்க்கட்டு கடன் வாங்கி, அவருக்கு முன்னாலை முழங்காலிலை இருந்து, "என்ரை அப்பாவுக்காகக் கேக்கிறன், பொறுத்துக்கொள்ளுங்கோ" எண்டு வைச்சிருக்கிறாள். அவர் அதைத் தொட்டு எடுத்தவராம். பிறகுதான் பொலிஸ்காரர் கோபுரம் தேவையில்லாத தங்கடை சற்றலைற் போனைக் குடுத்து, அப்பாவோடை கதை பிள்ளை எண்டிருக்கினம்.

நான் மூக்கை உறிஞ்சினது கேட்டிருக்கும். அவளின்ரை சத்தம் குறைஞ்சிட்டுது; தமிழிலை சொன்னாள்: "அப்பா, நான் மாமா இல்லை. நான் இருக்கிறன்."

பிறகு கேட்டாள்: "அம்மா போன பிறகு நான் இஞ்சைதான் முதல் முதல் வாய்விட்டுச் சிரிச்சனான். இன்னும் கொஞ்சம் நிக்கட்டோ? ஆட்டைத் திவசத்துக்கு வராட்டி அம்மா கோவிப்பாவோ?"

அடுத்த மாதம் உம்மடை முதல் திவசம், இருக்கிறது ஒரு பிள்ளை. வா எண்டு சொல்லத்தான் வாய் உன்னினது. நீர் என்ன சொல்லியிருப்பீர் எண்டு யோசிச்சுப் பாத்தன். "விடுங்கோவன் அவளை" எண்டுதானே சொல்லியிருப்பீர்? "நில்லு பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டன். பயம் போச்சுதெண்டு நினையாதேயும். இப்பவும் காலமை எழும்பினால் முதல் அந்தத் தீவின்ரை காத்து மழையைத்தான் போனிலை பாக்கிறன். அந்தப் படம் இன்னும் சுத்துது, நேற்றும் நோர்வேயிலை இருந்து ஒருத்தர் துக்கம் விசாரிச்சுப் போன் எடுத்தவர். ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு அழிப்பிக்கிறன்.

திவசத்தை நான் தனியச் செய்வன், உமக்கு ஒரு குறையும் வையன். வாற சனம், "பெத்த தாயின்ரை திவசத்துக்கும் வரேல்லையோ, எங்கை உம்மடை மகள்?" எண்டு கேப்பினம். மழுப்ப மாட்டன். "எங்கை எண்டு எனக்குத் தெரியும்" எண்டு சொல்லுவன். தெரியுறது எவ்வளவு பெரிய குடுப்பினை எண்டு உமக்குத்தான் விளங்கும்.

இப்படிக்கு,
உம்மடை மனுசன், அனுவின்ரை அப்பா