மிஸ்ஸியிடம் சொன்ன பொய்

செவ்வாய், இரவு

இன்று காலை மிஸ்ஸி வந்தார். பிள்ளை பெற்றதிலிருந்து ஜெலுத்தோங்கில் இந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள், கிளினிக்கிலிருந்து வரும் இந்தத் தாதிதான். வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை.

“பால் குடிக்கிறானாம்மா?”

“வாய் வைக்கவே மாட்டேங்கிறான் மிஸ்ஸி” என்றேன். பொய். நேற்றிலிருந்து நன்றாகத்தான் குடிக்கிறான். குடிக்கவில்லை என்றால் நாளையும் வருவார் என்று நினைத்தேன்.

“எங்க, கொடுங்க பாப்போம்.”

மார்பில் வைத்ததும் மடக் மடக்கென்று குடித்தான், துரோகி. குடித்துவிட்டுத் தூங்கியும் போனான்.

மிஸ்ஸி சிரித்தார். “நல்லாத்தானே குடிக்கிறான் லா. இனி நான் வர வேணாம். ஊசிக்குக் கிளினிக் வந்தா போதும்.”

“தேத்தண்ணி கலக்கட்டுமா?” என்று நான் கேட்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

இப்போதும் தூங்குகிறான். வீட்டில் சத்தமே இல்லை. எழுப்பலாமா என்று பார்க்கிறேன்.