அப்பாவின் சிமென்ட்டும் என் சுண்ணாம்பும்

ரெக்ஸம்,
நவம்பர் 24

என் தங்க நெஸ்டாவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அவருடைய இடது முட்டி மட்டும் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளை டீனும் என் பேத்தி லோவ்ரியும் அந்த வெலிங்டன் காற்றில் பறந்துபோகாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பை அடக்க முடியாது, நீ என்னமோ ஏதோவென்று பயந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நகத்தில் எல்லாம் சுண்ணாம்பு, தாளில் வெள்ளையாக ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

ஏப்ரலில் நீ சொன்னாயே, கிறிஸ்துமஸுக்கு வருகிறோம், ஆனால் மாடி அறையில் பூஞ்சை, குழந்தைக்கு ஆகாது, ஹோட்டலில் தங்கிக்கொள்கிறோம் என்று. நீ சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் போனை வைத்துவிட்டு நான் அழுதது உனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் அப்பா காரை எடுத்துத் தெருவில் விட்டுவிட்டு வந்து, "மேவிஸ், இந்த கராஜை அறையாக்கிடுவோம், கொழந்த நம்ம வீட்லதான் தூங்கணும்" என்றார். கராஜ் என்று பேர்தான், நூறு வருஷத்துக்கு முந்தைய வண்டிக் கொட்டகை, நடுவில் இடைவெளி இல்லாத கனத்த செங்கல் சுவர், வெளியே என்ன குளிரோ உள்ளேயும் அதே குளிர். அப்பா உடனே குளிரைத் தடுக்க வெள்ளித்தாள் ஒட்டிய நுரைப் பலகைகளை வாங்கிவந்து மேற்குச் சுவரில் பதினொன்றை வரிசையாக அடித்துவிட்டார், அறை விண்வெளிக் கப்பல் மாதிரி மின்னியது, தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் வாரம் பலகைக்குப் பின்னால் கையை விட்டேன், முழங்கை வரை ஈரம்! அப்பாவிடம் சொன்னால், "அது உன் கை வேர்வை" என்கிறார்.

பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசுகிற கெரிஸ் என்ற பெண்ணை அவரைக் கேட்காமலே நான் கூப்பிட்டேன். நாற்பது வயது இருக்கும், ஆள் குள்ளம், குரல் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்கும். ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா இது, சுவரு குளிச்சுட்டு ஈரத் தலையோட நிக்குது, துவட்டாம மழைக்கோட்டை மாட்டி விட்டிருக்கீங்க" என்றாள். பிறகு வெளியே போய்ச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். செங்கல் இடுக்கில் எல்லாம் சிமென்ட், அதன் விரிசல் வழியே மழை உள்ளே போகிறது, போன தண்ணீர் திரும்பி வர வழியில்லை. "எந்த முட்டாப்பய இதுல சிமென்ட்டை அப்பினான்?" என்று கேட்டாள். நெஸ்டா, நீ ஐந்தாம் வகுப்புப் படித்தபோது கோடை விடுமுறை முழுவதும் ஏணியில் நின்று அப்பியது யார்? அப்பா வானத்தைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன், அங்கேயே புல்லில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

அவருக்கு முட்டி வலி, கெரிஸுக்கு வேறு இரண்டு வீட்டு வேலை, அதனால் அந்தச் சிமென்ட்டைப் பெயர்த்தது யார் என்று நினைக்கிறாய்? உன் அம்மாதான், மே மாதம் முழுக்கச் சுத்தியும் உளியுமாக. ஐந்தாம் நாள் அப்பா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, எனக்குத் தேநீர் வைத்துவிட்டு, கீழ் வரிசையை அவரே பெயர்க்க ஆரம்பித்தார். இடுக்கெல்லாம் சுண்ணாம்புக் கலவை அடைத்தோம், வெள்ளிப் பலகைகளைக் கழற்றிவிட்டுக் கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டோம். செப்டம்பரில் கெரிஸ் ஈரமானியை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப துவட்டியாச்சு" என்றாள். உள்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் மரநாரை அழுத்திச் செய்த கனமான பலகை, அதன் மேல் வலை, மறுபடி பூச்சு. இந்தப் பலகை குளிரைத் தடுக்கும், சுவரை மூச்சு விடவும் விடும் என்றாள். நான் எறிந்த முதல் கரண்டிக் கலவை சுவரில் ஒட்டாமல் நேராக அப்பாவின் தேநீரில் விழுந்தது. பத்தாவது ஒட்டியது. அப்புறம் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது, சாப்பிடக் கூப்பிட்டாலும் போகவில்லை. வெண்ணெய் தடவுகிற மாதிரி பூச்சுக் கரண்டி வழுக்கிக்கொண்டு போகிறதே, அந்தச் சத்தம் இருக்கிறதே, முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்த கை இதற்குத்தான் காத்திருந்ததோ என்னவோ.

போன வியாழன் நகராட்சியிலிருந்து கட்டட ஆய்வாளர் பென்னன்ட் வந்தார், சிரிக்கவே தெரியாத மனுஷன். வெளியே உறைபனி. அறை தேறவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் கிறிஸ்துமஸுக்கு அதில் யாரும் தங்க முடியாது. தரை, கூரை, ஜன்னல் எல்லாம் பார்த்தார், சுவரைத் தடவினார், பிறகு மெதுவாகக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, "கராஜ்ல நான் கோட்டைக் கழட்டுனது இதான் மொத தடவை, பூசுனது யாரு?" என்றார். கெரிஸ் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "எம் பொண்டாட்டிங்க, நான் கெடுத்ததை அவதான் சரி பண்ணா" என்றார். நாற்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் நாங்கள் மூவரும் காலி அறையில் ஆடினோம், அப்பா ஒற்றை முட்டியோடு ஆடியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே ஹோட்டலை ரத்து செய்துவிடு. குழந்தைக்குக் கம்பளிகளை மூட்டை கட்டிக்கொண்டு வராதே. விமானத்தில் காது அடைத்தால் பால் கொடு. டீனை ஒழுங்காகச் சாப்பிடச் சொல், போட்டோவில் இளைத்துத் தெரிகிறான். ஜன்னல் ஓரத்தில் ஒரு முழம் சுவர் அலை அலையாக இருக்கும், அது நான் தனியாகப் பூசியது, கெரிஸ் திருத்த வந்தாள், தொடவிடவில்லை. யாரும் அதில் ஆணி அடிக்கக் கூடாது, முக்கியமாக உன் அப்பா.

இன்னொரு சேதி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். இனி வாரம் மூன்று நாள் கெரிஸோடு பூச்சு வேலைக்குப் போகப்போகிறேன், அவளேதான் வந்து கூப்பிட்டாள். "அறுபத்தோரு வயசு ஆகுதும்மா எனக்கு" என்றேன். "சுவருக்கு நூறு, அதுவே ஒண்ணும் சொல்லல" என்றாள்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நெஞ்சில் சளி இல்லாமல், நல்லபடியாக வந்து சேருங்கள். என் ஆசியும் அப்பாவின் முத்தமும். கிளம்புவதற்கு முன் பாஸ்போர்ட் தேதியை ஒரு தடவை பார்த்துக்கொள்.

உன் அம்மா,
மேவிஸ்
(திங்கட்கிழமை முதல் பூச்சுக்காரி)