கேட்காமல் ஓடிய சாஃப்ட்வேர்

மச்சான்,

இடியாப்பம் ஹாட்பாக்ஸில், தொட்டுக்கொள்ள மீனாணம் சட்டியில். கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டு சுபைதா மாமியிடம் கொடுங்கள்.

நேற்று டீச்சர் வேலைக்கான என் ஆன்லைன் பரீட்சை பத்தாவது நிமிடத்தில் மூடிக்கொண்டது. 'உங்கள் திரையை வேறு யாரோ பார்க்கிறார்கள்' என்று வந்தது. யாரோ இல்லை. கடையிலிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்க நீங்கள் ஏற்றிய சாஃப்ட்வேர்தான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அதுவும் தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது.

இரண்டு மாதம் படித்தேன். உங்கள் சமாதானம்: "ஏத்துனா தானா ஓடணும்லா, அதுக்குத்தான ஏத்துதோம்." என்ன அறிவு! ஏற்றுவது வேறு, ஓடவிடுவது வேறு. நீங்களே சுபுஹுத் தொழுகைக்கு நாலு தடவை எழுப்பினால்தான் எழுந்திருக்கிறீர்கள்.

கெஞ்சிக் கேட்டதில், இன்று பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கே வந்து எழுதச் சொன்னார்கள். போகிறேன்.

பதினொரு மணிக்கு வீட்டில் பிரிண்டர் மாட்ட கம்ப்யூட்டர் மெக்கானிக் இசக்கிமுருகன் வருவார். "இதோட சாஃப்ட்வேரையும் தானா ஓட வச்சிரட்டுமா அண்ணாச்சி?" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள், தலையாட்டாமல்.

உங்கள் சாஃப்ட்வேரை அழிக்கவில்லை. நாம் சொன்னால் மட்டும் ஓடும்படி மாற்றிவிட்டேன்.

ரைஹானத்

பி.கு: பரீட்சை ஒரு மணிக்கு முடியும். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே வந்து நில்லுங்கள். உள்ளே வந்து யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.